சிவப்புப் புள்ளியை வாசித்தல்

ஆகஸ்டு, செப்டம்பர் வந்துவிட்டால் நம் பகுதியில் அதிகம் பேர் வாசிக்கும் பிரதி ஒரு வரைபடம்தான். சுமத்ரா மீதும் கலிமந்தான் மீதும் சிவப்புப் புள்ளிகள், காற்றுத் திசையைக் காட்டும் அம்புக்குறிகள், புகை பரவியிருக்கும் இடங்களில் ஒரு மங்கல் நிறம். 1993-இல் தொடங்கப்பட்டு சிங்கப்பூரில் இயங்கிவரும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் வெளியிடும் வரைபடம் இது. அப்புறம் நாசாவின் செயற்கைக்கோள் படங்கள். சாம்பல் நிறப் போர்வைக்கு அடியில் போர்னியோ தீவே காணாமல் போயிருக்கும் அந்த 2015 படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வாட்சப் குழுவில் யாராவது ஒன்றைத் தட்டிவிடுவார்கள். "பாரு, இன்னிக்கு எத்தன புள்ளி!" அவ்வளவுதான், வாசிப்பு முடிந்தது. தீர்ப்பும் முடிந்தது.

இலக்கிய இதழில் எதற்கு வரைபட விமர்சனம் என்று கேட்கலாம். ஒரு பிரதியை லட்சக்கணக்கானோர் வாசிக்கிறார்கள், அதை நம்பி இன்னொரு நாட்டு மக்களைக் குற்றவாளி என்கிறார்கள், அதைச் சட்டத்தில் சாட்சியாகவும் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பிரதிக்கு விமர்சனம் இல்லாமல் இருப்பதுதான் விசித்திரம். நாவலில் கதைசொல்லி யார், அவன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்கப் பழகிய நாம், இந்த வரைபடத்திடம் மட்டும் அதைக் கேட்பதில்லை.

புள்ளி எப்படி எழுதப்படுகிறது

நாசாவின் டெர்ரா 1999 டிசம்பரிலும் அக்வா 2002-லும் விண்ணுக்குப் போயின. இரண்டிலும் இருக்கும் மோடிஸ் என்ற கருவி தீயைக் கண்டுபிடிக்க நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. எரியும் பொருள் சுமார் 4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பிரகாசமாகத் தெரியும். சுற்றியுள்ள நிலம் அந்த அளவுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால் கணினி அங்கே ஒரு புள்ளி வைக்கிறது. மோடிஸ் ஒரு நேரத்தில் பார்க்கும் சதுரம் ஒரு கிலோமீட்டர் அகலம். பின்னால் வந்த விர்ஸ் கருவியில் அது 375 மீட்டர். புள்ளி அந்தச் சதுரத்தின் நடுவில் வைக்கப்படும். தீ சதுரத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். ஒரே புள்ளிக்குள் மூன்று தீ இருக்கலாம். ஒரே பெருந்தீ பத்துப் புள்ளிகளாகவும் விழலாம். ஆக, புள்ளிகளை எண்ணுவது வேறு, தீயை எண்ணுவது வேறு.

நேரமும் இருக்கிறது. துருவங்களைச் சுற்றும் இந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் எப்போதும் நிற்பதில்லை. விர்ஸ் கருவியைச் சுமந்தவை பொதுவாக நண்பகலும் நள்ளிரவும் கடந்த 1.30 வாக்கில் வந்து போகும். மாலை நான்கு மணிக்குப் பற்றி இரவுக்குள் அடங்கும் தீ அவற்றின் கண்ணில் படாது. மேகம் இருந்தால் தெரியாது. தீயின் புகையே அடர்ந்திருந்தாலும் தெரியாமல் போகலாம். 2024-இல் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா வடஇந்தியாவைப் பற்றி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிப்புப் புள்ளிகள் குறைந்ததாகக் கணக்கு சொன்னது, ஆனால் புகை குறையவில்லை. இடம்விட்டு நகராத கொரியச் செயற்கைக்கோள் ஒன்றின் படங்களைப் பார்த்தபோது, மற்றவை கடந்துபோன பிறகான பிற்பகலில் எரிப்பு நடப்பதற்கான அறிகுறி தெரிந்தது. வாசகன் எத்தனை மணிக்கு வருவான் என்று தெரிந்துவிட்டால் பிரதியும் மாறிவிடும்போல.

நம் பக்கத்துச் சிக்கல் இன்னும் ஆழமானது. சொல்லப்போனால் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சுமத்ரா, கலிமந்தான் கரையோரங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு பீட் மண் கிடக்கிறது. இந்தோனேசியாவில் 'காம்புட்' என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் வேரும் இலையும் நீரில் ஊறி, முழுக்க மக்காமல் சேர்ந்தது. ஈரமாக இருக்கும்வரை அது எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அதுவே விறகு. அந்தத் தீ கொழுந்துவிட்டு எரியாது. தரைக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்துத் தீயைவிட வெப்பம் குறைவு, புகையோ பல மடங்கு. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு வெப்பம்தான் மொழி என்பதால், நம்மை அதிகம் இரும வைக்கும் தீதான் வரைபடத்தில் மங்கலாகவோ, எழுதப்படாமலோ போகிறது.

முதற்பொருள் மட்டும்

இந்தப் புள்ளியை விளக்க எனக்குத் தொல்காப்பியம்தான் உதவுகிறது. அகக் கவிதையைப் பேச முதல், கரு, உரி என்று மூன்று வைத்தார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், விலங்கு, உணவு, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள். மனிதர்களுக்கு இடையே நடப்பது உரிப்பொருள். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியோடும் சில எண்கள் வரும்: அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், வெப்ப அளவு, எந்த அளவுக்கு நம்பலாம் என்ற மதிப்பீடு. அதாவது நிலமும் பொழுதும். உலகத்தின் எந்தக் கவிதையும் முதற்பொருளை இத்தனை துல்லியமாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த வரிசை அங்கேயே நின்றுவிடுகிறது. அங்கே எரிவது செம்பனைக் கன்றா, புதர்க்காடா, ஒருவரின் மரவள்ளிக் கொல்லையா? பற்றவைத்தது கம்பெனியா, கூலிக்காரரா, பக்கத்து நிலத்திலிருந்து தாவி வந்ததா? வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை.

இது கருவியின் குறையில்லை. நிலத்தையும் பொழுதையும் சொல்லத்தான் அது செய்யப்பட்டது, அதைச் செவ்வனே செய்கிறது. முதற்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு உரிப்பொருளும் தெரிந்துவிட்டதாக நாம் பேசும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

2019 செப்டம்பரில் அப்படித்தான் நடந்தது. இந்தோனேசிய அமைச்சர் சித்தி நுர்பயா, புகையில் ஒரு பகுதி மலேசியாவிலிருந்தும் வருகிறது என்ற பொருளில் பேசினார். அப்போது மலேசிய அமைச்சராக இருந்த இயோ பீ யின், ஆசியான் மையத்தின் கணக்கை எடுத்து வைத்தார்: கலிமந்தானில் 474 புள்ளிகள், சுமத்ராவில் 387, மலேசியாவில் 7. தரவே பேசட்டும் என்றார். எண்ணிக்கையைப் பொறுத்தவரை மலேசியத் தரப்பு உறுதியாக இருந்தது, சந்தேகமில்லை. என் அக்கறை அந்த வாக்கியத்தின் மீது. தரவு தானாகப் பேசாது. யாராவது அதற்குக் குரல் கொடுக்கிறார்கள். எல்லைக்கோட்டின் அடிப்படையில் கூட்டினால் அது 'எந்த நாடு' என்று பேசும். நிலக் குத்தகையின் அடிப்படையில் கூட்டினால் 'எந்த நிறுவனம்' என்று பேசும். முதலீட்டின் அடிப்படையில் கூட்டினால்? மலேசிய, சிங்கப்பூர் முதலீடு கொண்ட செம்பனை நிறுவனங்கள் இந்தோனேசியாவில் பெருமளவு நிலம் வைத்திருப்பது ஊரறிந்த விஷயம். அப்படிக் கூட்டிய வரைபடம் ஒன்று வாட்சப்பில் வந்தால் 7 என்ற எண் நமக்கு இவ்வளவு நிம்மதி தருமா?

புகையிலிருந்து நெருப்புக்கு

புள்ளி தீயைக் காட்டுகிறது. நம் வீட்டுக்குள் வருவதோ புகை. இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டரும் ஒரு காற்றும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் புகை தீபகற்ப மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரும், கலிமந்தானின் புகை சரவாக்குக்குப் போகும். இதைத் தொடர்ந்து பார்க்க இன்னொரு கண் வேண்டும். ஜப்பானின் ஹிமவாரி-8 செயற்கைக்கோள் 2015-லிருந்து இந்த வட்டாரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்தது; 2022 டிசம்பரில் அந்தப் பணியை ஹிமவாரி-9 ஏற்றுக்கொண்டது. அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் புகை காலையில் கிளம்பி நீரிணையைக் கடப்பது திரைப்படம் மாதிரி தெரியும். காற்றில் தூசு எவ்வளவு அடர்த்தி, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளக்கும் கருவிகள் தனியாக இருக்கின்றன. ஆனாலும் மேலிருந்து பார்ப்பவருக்குப் புகை தெரியும் அளவுக்கு அதன் உயரம் எளிதில் தெரிவதில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் போகும் புகையும் நம் மூக்கு மட்டத்தில் நிற்கும் புகையும் படத்தில் ஒரே சாம்பல். அதனால்தான் தரையில் வைத்த அளவுக்கருவிகள் இல்லாமல் காற்றின் தரத்தைச் சொல்ல முடியாது.

புகையைப் பார்த்து நெருப்பைச் சொல்வது தமிழுக்குப் புதிதா என்ன? மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் இடத்தில் இதுதான் உதாரணம். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, சமையற்கட்டில் பார்க்கிறோமே அதுபோல. அந்த அனுமானம் 'நெருப்பு உண்டு' என்பதோடு நிற்கிறது. நெருப்பை மூட்டியவர் யார் என்பதற்கு அது போவதில்லை.

சிங்கப்பூர் 2014-இல் கொண்டுவந்த எல்லைகடந்த புகைமூட்டச் சட்டம் அந்தக் கடைசி அடியையும் எடுத்து வைக்கிறது. ஒரு நிலத்தில் தீ இருந்து, செயற்கைக்கோள் தகவலும் காற்றோட்டத் தகவலும் புகை சிங்கப்பூர் நோக்கி வருவதைக் காட்டினால், புகைமூட்டத்துக்கு அந்தத் தீ காரணம் என்று வழக்கில் அனுமானித்துக்கொள்ளலாம். நிலம் யாருடையது என்பதையும் வரைபடங்களைக் கொண்டே அனுமானிக்கலாம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழுகிறது. அபராதம் ஒரு நாளைக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வரை. எனக்கு இந்தச் சட்டத்தின் மீது மரியாதை உண்டு. குற்றம் சாட்ட ஒரு நாட்டைத் தேடாமல் ஒரு நிறுவனத்தைத் தேடுகிறது. வாசகனாகப் பார்த்தால் அது செய்திருப்பது நல்ல வேலை: நிலத்துக்கும் பொழுதுக்கும் பக்கத்தில் ஒரு பெயரை எழுத முயல்கிறது. ஆனால் பெயரை எழுத இன்னொரு வரைபடம் வேண்டும், யாருக்கு எந்த நிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது என்ற வரைபடம். அதைப் பொதுவில் வைக்கத்தான் இந்த வட்டாரத்து அரசுகள் தயங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. தீ இருக்கும் இடம் மூன்று மணி நேரத்தில் உலகத்துக்கே தெரிகிறது. நிலம் யாருடையது என்பது முப்பது வருடமானாலும் கோப்புக்குள் இருக்கலாம்.

புள்ளிக்கு முன்னால் நடந்தது

புள்ளி எப்போதும் நிகழ்காலத்தில் இருக்கிறது. அதற்கு முன்கதை கிடையாது. கலிமந்தானை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு மத்திய கலிமந்தானின் பீட் நிலத்தில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல் வயலாக்கக் கிளம்பியது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய்கள் வெட்டினார்கள். நீர் வடிந்தது, காடு போனது, நெல் மட்டும் வரவில்லை. சில ஆண்டுகளில் திட்டத்தையே கைவிட்டார்கள். கால்வாய்கள் அப்படியே இருந்தன. 1997-இல் எல் நினோ வறட்சி வந்தபோது அந்த நிலம் எரிந்தது. அப்புறம் 2015-லும் எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு 26 லட்சம் ஹெக்டேர் என்று உலக வங்கி கணக்கிட்டது. 2015-இன் சிவப்புப் புள்ளி ஒன்றை நிஜமாகவே வாசிக்க வேண்டுமென்றால் இருபது வருடம் பின்னால் போய் ஒரு கால்வாயைப் பார்க்க வேண்டும். நெருப்புக் குச்சியை வைத்திருந்தவர் கதையின் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறார்.

தமிழர்களாகிய நமக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. என் பெரியம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட காலத்தை ஒருமுறை சொன்னார்: "மரத்த சாச்சு காய வச்சிருவாங்க. அப்புறம் நெருப்பு வைக்க ஆளு கூப்புடுவாங்க. ஒங்க பெரியப்பாவும் போவாரு. மூணு நாளைக்கு லயத்துல துணி காயப் போட முடியாதுய்யா. புள்ளைங்க எல்லாம் இருமும்." அப்போது யாரும் புகார் செய்யவில்லையா என்று கேட்டேன். சிரித்தார். "புகைன்னு யாரு சொன்னா அப்போ? வேலைன்னுதான் சொல்லுவாங்க."

அந்த வாக்கியத்தை எந்தச் செயற்கைக்கோளும் எழுதப்போவதில்லை. மறுநடவின்போது எரிக்காமல், மரத்தை நறுக்கி நிலத்திலேயே மக்கவிடும் முறையை கோல்டன் ஹோப் நிறுவனம் 1989-இல் வணிக அளவில் கையாளத் தொடங்கியது. அதற்கு முன்பு எரிப்பதுதான் வழக்கம், எரித்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள், கூலிக்கு. நெருப்பு வைத்த கை ஒன்று, வைக்கச் சொன்ன வாய் இன்னொன்று. "அவனுங்க எரிக்கிறானுங்க" என்று நாம் சொல்லும்போது அந்த 'அவனுங்க'வுக்குள் இருப்பவர் பல நேரம் இன்னொரு பெரியப்பாதான். சுமத்ராவின் சிறு விவசாயிக்கு நெருப்பு மலிவான கருவி. மண்வாரி இயந்திரத்துக்குக் கொடுக்க அவரிடம் காசு இல்லை. பெரிய நிறுவனம் எரிக்கும்போது அதே சமாதானம் செல்லாது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

நம் கதைகளில் புகை

இப்போது நம் எழுத்துப் பக்கம் திரும்புகிறேன், ஏனென்றால் விடுபட்ட கருவும் உரியும் வர வேண்டிய இடம் அதுதான். நான் வாசித்தவரையில் இளையவர்களின் புகைமூட்டக் கதைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வருகின்றன. பள்ளிக்கு விடுமுறை, முகக்கவசம், ஜன்னலுக்கு வெளியே தெரியாத கோபுரம். அடுத்த பத்தியில் புகை ஒரு படிமமாகிவிடும். உறவின் மங்கல், நினைவின் மங்கல், அடையாளத்தின் மங்கல். எனக்கு இதில் அலுப்பைவிடக் கோபம்தான் வருகிறது. 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து ஜொகூரின் மூவாரில் 746 வரை போய், அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். 2015-இன் புகையால் மூன்று நாடுகளிலும் சுமார் 100,300 பேர் அகால மரணமடைந்திருக்கலாம் என்று ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் மதிப்பிட்டார்கள். அதில் 91,600 பேர் இந்தோனேசியர்கள். அரசுகள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அது மாதிரிக் கணிப்புதான், தலை எண்ணிய கணக்கல்ல. ஆனாலும் அந்த விகிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் புகை கிளம்பிய பக்கத்தில் இருக்கிறார்கள். நம் கதைகளில் அவர்கள் புகையை அனுப்புகிறவர்கள் மட்டுமே. அதைச் சுவாசிப்பவர்களாக ஒருமுறைகூட நான் சந்தித்ததில்லை. வரைபடம் செய்யும் அதே வேலையை, அதன் துல்லியம்கூட இல்லாமல், கதையும் செய்தால் கதை எதற்கு?

வரைபடத்துக்குக் கொடுக்க வேண்டிய பாராட்டையும் கொடுத்துவிடுகிறேன். 1990களின் கடைசியிலிருந்து 2005 ஆகஸ்டு வரை மலேசியாவில் காற்றுத்தரக் குறியீட்டு எண்களை அரசு பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்களாம். கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் அவசரநிலைக்குப் போன அந்த ஆகஸ்டில்தான் எண்கள் வெளியே வந்தன. தரையில் இருந்த எண் பூட்டிவைக்கப்பட்ட அந்த வருடங்களிலும், மேலே போன செயற்கைக்கோள் புகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆகாயத்தில் இருக்கும் கண்ணை உள்ளூர் அமைச்சகம் மூட முடியாது. இந்தச் சிவப்புப் புள்ளி நமக்குச் செய்த பெரிய உபகாரம் இது. இனி யாரும் 'நெருப்பே இல்லை' என்று சொல்ல முடியாது.

ஆனால் செயற்கைக்கோளுக்கு முன்பும் சாட்சிகள் இருந்தார்கள். 2009-இல் ராபர்ட் ஃபீல்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தோனேசிய விமான நிலையங்களின் பழைய பதிவேடுகளை எடுத்தார்கள். எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று வானிலைப் பணியாளர்கள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகள் அவை. அதை வைத்து, சுமத்ராவில் 1960களிலிருந்தே கடும் புகை இருந்ததையும், கலிமந்தானில் 1980களுக்குப் பிறகுதான் அது வந்ததையும் காட்டினார்கள். வறட்சி முன்பும் இருந்தது. குடியேற்றமும் நில மாற்றமும்தான் புதிதாக வந்தவை. இந்த முன்கதை நமக்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் தினமும் வெளியே வந்து நின்று, பார்த்து, தேதி போட்டு எழுதியதால்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். அடுத்த முறை புள்ளிகள் வரும்போது அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 375 மீட்டர் சதுரம் ஒரு சிறுகதைக்குத் தாராளமான இடம். அங்கே என்ன மரம், யாருடைய நிலம், தினக்கூலி எவ்வளவு, கால்வாயை வெட்டச் சொன்னது யார், சாயங்காலம் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மலாய் தெரிந்த நமக்கு இந்தோனேசியச் செய்தித்தாளும் ஓரளவு புரியும். தொலைபேசியை எடுத்தால் பேசவும் முடியும். அங்கே பிழியும் எண்ணெய்தான் நம் அடுப்படிக்கும் வருகிறது. அறவண அடிகளின் உதாரணத்தில் இருந்த சமையற்கட்டு ஒன்றும் தூரத்தில் இல்லை.